நீங்கள் இருமாத இருமல்

அண்ணே,

இன்று காலை சிட்னியின் பென்டில் ஹில் ஸ்டேஷனில் ரயிலுக்காக நின்றபோது குளிருக்குக் கோட்டுப் பைக்குள் கையை விட்டேன். ஒரு தகர டப்பா தட்டுப்பட்டது. உங்களுடைய யூகலிப்டஸ் மிட்டாய் டப்பா. மூடியைத் திறந்ததுதான் தாமதம், நீங்கள் வந்து பக்கத்தில் நின்றுவிட்டீர்கள். தைலமும் பழைய கம்பளியும் மீன் பொரியலும் கலந்த அந்த வாடையோடு. அருகில் நின்ற பெண்மணி மெல்லத் தள்ளிப்போனார். அவருக்கு வாடை பிடிக்கவில்லை. எனக்கு ஆத்திரம் வந்தது.

ஆமாம், ஆத்திரம்தான். போனவர்களை நினைத்தால் கண் கலங்க வேண்டும் என்பது முறை. உங்களை நினைத்தால் எனக்குக் காது சிவக்கிறது. நீங்கள் போய் ஒன்றரை வருடம் ஆகப்போகிறது. முதல் ஒரு வருடம் முறைப்படி கலங்கினேன். மிச்ச மாதங்கள் பற்களைக் கடிப்பதில் கழிந்தன. பல் டாக்டருக்கு நான் கொடுத்ததை உங்கள் கணக்கில்தான் எழுத வேண்டும்.

நாம் முதலில் சந்தித்ததே ஒரு பொய்யில்தான். பிளாக்டவுனில் பழைய சாமான் விற்கும் தருமக் கடை. 2009. மேசை விளக்கு ஒன்று தேடி வந்திருந்தேன். நீங்கள் ஒரு அட்டைப்பெட்டி நிறைய இசைத்தட்டுகளை முழங்கையால் காவல் காத்தபடி நின்றீர்கள்.

"தம்பி, நீர் தமிழோ?"

"ஆமா சார்."

"சார் எண்டு கூப்பிடாதையும், நான் வாத்தி இல்லை. இதை ஒருக்காப் பிடியும்." கை நிறையத் தட்டுகளை என் நெஞ்சில் சாத்தினீர்கள். "வீட்டை வாரும். என்ர மனுசி கேட்டால் நீர் வாங்கினது எண்டு சொல்லும்."

சொன்னேன். அறிமுகமாகி அரை மணி நேரத்தில், யாரென்றே தெரியாத ஒரு அக்காவின் முகத்தைப் பார்த்து, அமெரிக்க ஜாஸ் என்றால் எனக்கு உயிர் என்று சத்தியம் செய்தேன். அதுவரை ஜாஸ் என்பது ஒரு மல்லிகை சென்ட் என்றே நினைத்திருந்தேன். முதல் நாளே என்னைப் பொய்க்குக் கூட்டாளி ஆக்கிய மனிதர், பிற்பாடு என்னிடமே பொய் சொல்வார் என்று யோசிக்கும் அறிவு எனக்கு இருந்திருக்க வேண்டும். எனக்கு இருந்த அறிவுக்கு மேசை விளக்கு வாங்கக்கூட மறந்துபோனேன்.

அதன்பின் எல்லா ஞாயிற்றுக்கிழமையும் உங்கள் வீட்டு முன்னறைதான். உங்களுக்குக் கதிரை, எனக்குச் சோபா. குசினியில் அக்கா மீன் பொரிப்பார். நீங்கள் தட்டைத் துடைத்து ஊசியை இறக்குவீர்கள். கேட்கும்போது பேசக் கூடாது. கேட்டு முடித்தபின் ஊர்வம்பு தாராளமாகப் பேசலாம். யார் மகள் யாரோடு ஓடினாள் என்பதையும், அந்தக் கால அமெரிக்கக் கம்பெனிகள் ஒரே பாட்டை நான்கு பெயரில் எப்படி விற்றன என்பதையும் நீங்கள் ஒரே குரலில்தான் சொல்வீர்கள். அங்கே எந்த டிரம்ஸ்காரர் யாருடைய மனைவிக்காக எந்தப் பதிவுக்கு வராமல் போனார் என்பது எனக்கு நம் டூங்காபிப் பக்கத்து வம்பைவிட நன்றாகத் தெரிந்துவிட்டது.

எல்லாவற்றுக்கும் மகுடம் அந்த நீல உறைத் தட்டு. ஐம்பதுகளில் ஒரு நால்வர் குழு நியூயார்க்கில் ஒரு கிளப்பில், சனங்களின் முன் நேரடியாக வாசித்தது என்று உறையிலேயே போட்டிருக்கும். மூன்றாவது உருப்படி முடியும். கைதட்டல் எழுந்து, அடங்கி, மெதுவான நாலாவது தொடங்குவதற்கு முன்னால் ஒரு சின்ன மௌனம். அதில் ஓர் இருமல். ஒரு வெட்டு, பிறகு ஒரு இழுப்பு. நாற்காலியை நகர்த்துவதுபோல.

"அது நான்," என்றீர்கள்.

நான் சோபாவிலிருந்து எழுந்தே நின்றுவிட்டேன்.

"கப்பலில குசினி வேலை. நியூயோர்க்கில நிண்டனாங்கள். நிலவறைக் கிளப் தம்பி. படி இறங்கேக்கையே புகை முழங்கால் மட்டும் நிக்கும். பெரியவர் மேடையில நிண்டு பால் குடிச்சவர்." சாக்ஸபோன்காரரை நீங்கள் பெரியவர் என்றுதான் சொல்வீர்கள், ஏதோ உங்கள் பெரியப்பா மாதிரி. "பாஸ் வாசிச்சவற்ற ஒரு சப்பாத்துக்கு லேஸ் இல்லை. என்ர மேசைக்கு மேல மைக் தொங்கினது. இருமினன். பதியிறவன் கண்ணாடிக்குப் பின்னால நிண்டு என்னை முறைச்சான், இண்டைக்கும் கண்ணுக்குள்ள நிக்குது."

சொல்லிவிட்டு ஊசியைத் திரும்ப வைப்பீர்கள். தட்டு இருமும். உடனே நீங்களும் இருமுவீர்கள், அதே வெட்டு, அதே இழுப்பு. அரைநூற்றாண்டு இடைவெளியில் ஒரு தொண்டை தனக்குத்தானே பதில் சொன்னது. என் முழங்கை மயிர் எழுந்து நின்றது. என் பெயர் பதிவாகியிருக்கும் ஒரே இடம் விசா அலுவலகம். அப்படிப்பட்டவன் வரலாற்றில் இருமிய மனிதரோடு உட்கார்ந்து மீன் பொரியல் தின்கிறேன்!

இதில் இன்னொரு கொடுமை. ஸ்டூடியோவில் பலமுறை வாசித்து, நல்ல துண்டுகளை மட்டும் வெட்டிச் சேர்த்த தட்டுகள் உங்களுக்கு ஆகாது. காதை வைத்து எங்கே வெட்டினார்கள் என்று கண்டுபிடித்து உதட்டைச் சுழிப்பீர்கள். "டேப்பை வெட்டி ஒட்டினால் அது சங்கீதமில்லைத் தம்பி, தையல்." இந்த வாக்கியத்தை நம் சங்கப் பத்திரிகையில் நான் எழுதும் நகைச்சுவைப் பத்தியில் மூன்று முறை பயன்படுத்தியிருக்கிறேன். இருமலைப் பற்றி மட்டும் தனியாக ஒரு முழுப் பத்தி. உங்கள் புகைப்படத்தோடு.

பிறகு சிவா விவகாரம். அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

சவுண்ட் சிவாவை மேற்கு சிட்னியில் தெரியாதவர் யார்? கல்யாணம், அரங்கேற்றம், கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் மைக் செட் அவர்தான். எனக்கு நல்ல சிநேகிதர். பரமட்டாவில் ஒரு அறுபதாவது பிறந்தநாள் விருந்து. நீங்கள், நான், சிவா மூவரும் ஒரே மேசை. நான் வழக்கம்போல் இருமல் புராணத்தை ஆரம்பித்தேன். சிவா சிரித்தார்.

"சும்மா போம் ஐசே. அது ஆரோ வெள்ளைக்காரன்ர இருமல்."

"இருமல்ல வெள்ளை கறுப்பு இருக்கா சிவா?"

"அண்ணை சொன்னவர் எண்டு நீர் நம்பினீரோ?"

"அவரு அங்க இருந்தவரு. நீங்க இருந்தீங்களா? அவரைப் பொய்யருன்னு சொல்றீங்களா?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை. நீர்தான் சொல்லுறீர்."

அதற்கு மேல் நான் பேசியவற்றை என் பத்தியில் எழுத முடியாது. பத்திரிகை ஆசிரியர் சைவர். எழுந்து நின்று, விரலை ஆட்டி, கேக் வெட்ட வந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி உங்கள் மானத்துக்காகப் போராடினேன். சிவா சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டார். இரண்டு வருடத்துக்கு மேல் எங்களுக்குள் பேச்சில்லை. என் மகள் அரங்கேற்றத்துக்கு வேறொருவரிடம் மைக் செட் எடுத்தேன். அலாரிப்பு முழுக்க மைக் ஊளையிட்டது. என் மனைவி இன்னும் அதைச் சொல்லிக்காட்டுகிறாள்.

அந்தச் சண்டையின்போது நீங்கள் என்ன செய்தீர்கள், அண்ணே? நன்றாக ஞாபகம் இருக்கிறது. மட்டன் ரோல்ஸ் தின்றுகொண்டிருந்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள், சிவாவைப் பார்த்தீர்கள், பிறகு ரோல்ஸைச் சட்டினியில் தோய்த்தீர்கள். பெரிய மனிதருடைய பெருந்தன்மை, தன்னை நிரூபிக்க அவசரப்படவில்லை என்று நினைத்து அன்றைக்கு உருகினேன்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது நீலத் தட்டை என் மடியில் வைத்தீர்கள். "இருமலை உம்மட்ட விட்டுட்டுப் போறன். கவனமா வச்சிரும்." நீங்கள் போனது இருமலால் இல்லை, இதயத்தால். இறுதிச் சடங்கில் பேசினேன். உலகத்தில் எந்த மூலையில் யார் அந்தத் தட்டைப் போட்டாலும் எங்கள் அண்ணன் இருமுவார் என்றேன். மண்டபமே அழுதது. நானும் அழுதேன், என் பேச்சை நானே மெச்சி.

போன ஜனவரியில் உங்கள் ஆட்டத் திவசம், முதல் வருடத் திதி. சாப்பாட்டுக்குப் பிறகு அதே மண்டபத்தில் ஒரு சின்ன இசை நிகழ்ச்சி என்று நான்தான் ஏற்பாடு செய்தேன். அதற்காக, நீலத் தட்டின் புதிய பதிப்பைச் சி.டி.யாக வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். மூல டேப்பிலிருந்து சுத்தம் செய்து எடுத்தது என்று விளம்பரம் சொன்னது. பழைய தட்டில் கீறல் சத்தம் அதிகம். இதில் உங்கள் இருமல் இன்னும் துலக்கமாகக் கேட்கும் அல்லவா? உலகத்தில் வேறு எவனாவது ஓர் இருமலைத் தெளிவாகக் கேட்பதற்காக ஜாஸ் சி.டி. வாங்கியிருப்பானா? முன்னால் போட்டுப் பார்க்கவும் இல்லை. எல்லோரும் சேர்ந்து முதன்முதலாகக் கேட்க வேண்டுமென்ற பெருந்தன்மை. மேடையில் வைத்துத்தான் உறையைப் பல்லால் கிழித்தேன்.

மைக் செட்டுக்கு அக்கா சிவாவைக் கூப்பிட்டிருந்தார். சி.டி.யை அவரிடம் நீட்டினேன், முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டு.

மூன்றாவது உருப்படி. அதே வாசிப்புத்தான், ஒவ்வொரு சுரமும் எனக்கு மனப்பாடம். முடிந்தது. நான் கையை உயர்த்தி, "இப்ப... இப்ப..." என்றேன்.

கைதட்டல் வரவில்லை. சி.டி.யில் நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. யாரோ மெல்லச் சிரித்தார். பதிவு செய்பவரின் குரல், காலி அறையில் பேசுவதுபோல, "நன்றாக வந்தது, அடுத்ததற்குப் போகலாமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டது. மெதுவான பாட்டு தொடங்கியது. என் கை இன்னும் மேலேயே நின்றது.

முதலில் பேசியது சிவாதான். பழி தீர்த்த குரல் இல்லை. அது இன்னும் மோசம், இரக்கம்.

"அது ஸ்டூடியோவில பின்னேரம் பதிஞ்சது போலக் கிடக்கு. அந்தக் காலத்தில சனத்துக்கு முன்னால வாசிச்சது எண்டால் நல்லா விக்கும். கம்பெனி வேற எங்கையோ எடுத்த கைதட்டலை ஒட்டி விட்டிருக்கும். இருமல் அந்தக் கைதட்டலோட வந்தது." எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று மேலும் சொன்னார்: "நாங்களும்தானே அரங்கேற்ற டிவிடியில போடுறனாங்கள்."

"அப்ப என்ர மகளின்ர டிவிடியில?" பின் வரிசையில் ஓர் அம்மா எழுந்தார்.

"தங்கச்சி, உங்கட பிள்ளைக்கு உண்மையாயே தட்டினவை. நான் கொஞ்சம் தடிப்பாக்கினனான். அவ்வளவுதான்."

மண்டபம் சிரித்தது. நான் மேடையை விட்டு இறங்கினேன். எத்தனை பேர் முதுகில் தட்டினார்கள் தெரியுமா? அடி வாங்குவதைவிட அது வலிக்கும்.

மாலையில் உங்கள் வீட்டுக் குசினியில் பாத்திரம் துடைத்தபடி அக்காவிடம் கேட்டேன். "வேற ராத்திரி, வேற கிளப்புல இருமியிருப்பாரா? கைதட்டலை அங்கேயிருந்து எடுத்திருப்பாங்களா?" பாருங்கள், அப்போதும் உங்களுக்காக வக்கீல் வேலைதான் பார்த்தேன்.

அக்கா குழாயை மூடினார். "அவர் அமெரிக்காவுக்குப் போகவே இல்லைத் தம்பி. கொழும்புத் துறைமுகத்தில கிளாக் உத்தியோகம். கப்பலைப் பாத்தவர், ஏறேல்லை. கப்பல்காரர் றெக்கோட் கொண்டுவந்து குடுப்பினம். அதெல்லாம் எண்பத்திமூண்டுக் கலவரத்தில வீட்டோட எரிஞ்சு போட்டுது."

"அப்போ நீலத் தட்டு?"

"அது இஞ்ச வாங்கினது. பிளாக்டவுனில, அந்தத் தருமக் கடையில."

"நீங்க ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்கள் கேக்கேல்லையே. அவற்ற கதையைக் கேக்கேக்கை அவ்வளவு சந்தோசமா வேற இருந்தனீங்கள்."

ஒரு வீடே சேர்ந்து என்னை வைத்து மீன் பொரித்திருக்கிறது, அண்ணே.

நீலத் தட்டைக் காட்டுவதற்காக மண்டபத்துக்குக் கொண்டுவந்திருந்தேன். அதைக் காரின் பின்சீட்டில் வீசிவிட்டு வீட்டுக்குப் போனேன். எடுக்கவில்லை. ஜனவரிக் கோடை வெயிலில் பென்டில் ஹில்லில் மூடிக் கிடந்த கார் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும் என்றும் சொல்ல மாட்டேன், தெரியாது என்றும் சொல்ல மாட்டேன். ஒரு வாரம் கழித்து உறையிலிருந்து எடுத்தபோது தட்டு பொரித்த அப்பளம்போல் நான்கு பக்கமும் சுருண்டிருந்தது.

மறுவாரம் அக்காவிடமிருந்து போன். "தம்பி, அந்த நீல றெக்கோடை ஒருக்காக் கொண்டுவாறீங்களோ? ஞாயிற்றுக்கிழமையில குசினிக்குள்ள நிண்டால் ரெண்டு இருமல் கேக்கும். முதல் அது, பிறகு இவர். இப்ப ஒண்டும் இல்லை. ஒண்டெண்டாலும் கேட்டால் நல்லா இருக்கும்."

நான் போனைக் காதில் வைத்தபடி அப்பளத்தைப் பார்த்தேன். யாரோ ஒருவனுடைய இருமல் என்று அவருக்கு எப்போதும் தெரியும். தெரிந்தேதான் கேட்கிறார். ஏமாந்தவன் என்ற பெருமையோடு நான் எரித்தது உங்கள் பொய்யை என்று நினைத்திருந்தேன். அது அக்காவின் ஞாயிற்றுக்கிழமை என்று தெரியவில்லை.

வேறு வழி? சிவா வீட்டு கராஜ் கதவைத் தட்டினேன். அப்பளத்தை நீட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பொரிச்சிட்டீர்."

"இன்னொரு பிரதி எங்கயும் கிடைக்கல சிவா. தேடிப் பார்த்துட்டேன்."

"சி.டி. கிடக்குத்தானே. கைதட்டல் என்னட்ட இருக்கு." கணினியைத் திறந்து, ஏதோ ஒரு அரங்கேற்றத்தின் கைதட்டலை மூன்றாவது உருப்படியின் வாலில் ஒட்டினார். நியூயார்க்கின் நால்வருக்கு மேற்கு சிட்னியின் அம்மாக்கள் எழுந்து நின்று தட்டினார்கள். சும்மா சொல்லக் கூடாது, பொருத்தமாகவே இருந்தது. "இருமல்தான் இல்லை," என்றார். பிறகு மைக்கை என் வாய்க்கு நேரே திருப்பினார். "உமக்குத்தானே அது மனப்பாடம். இருமும்."

நான் மறுத்தேன். தையல் வேலை என்றேன். சிவா என்னை அதே இரக்கத்தோடு பார்த்தார். "அண்ணைக்காக என்னோட சண்டை பிடிச்சனீர். அக்காவுக்காக ஒருக்கா இருமுறது பெரிய வேலையோ?"

இருமினேன். ஒரு வெட்டு, ஒரு இழுப்பு. முதல் தடவை நாடக இருமல் என்று சிவா தள்ளிவிட்டார். இரண்டாவதில் சிரிப்பு வந்துவிட்டது. கடைசியில் உங்கள்மேல் இருந்த ஆத்திரம் மொத்தத்தையும் தொண்டைக்குக் கொண்டுவந்து இருமினேன். சிவா கண்ணை மூடிக் கேட்டார். "இதுதான்," என்றார். இப்போது நாங்கள் பேசிக்கொள்கிறோம்.

போன மாதம் அக்கா வீட்டில் ஒரு சின்னத் தேநீர். கான்பெராவிலிருந்து உறவினர் ஒருவர் வந்திருந்தார், சிவாவின் சி.டி. ஓடியது. கைதட்டல், அடங்கல், மௌனம், இருமல். "அது இவர்," என்றார் அக்கா, உங்கள் படத்தைக் காட்டி, கண் இமைக்காமல். "நியூயோர்க்கில." உறவினர் வாயைப் பிளந்தபடி என்னிடம் திரும்பினார். "உண்மையாவோ?"

என் கையில் மட்டன் ரோல்ஸ் இருந்தது. அவரைப் பார்த்தேன், அக்காவைப் பார்த்தேன். பிறகு அதைச் சட்டினியில் தோய்த்தேன்.

இதனால் உங்களை மன்னித்துவிட்டேன் என்று எண்ண வேண்டாம். பரமட்டாவில் அந்த மேசையில் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "விடும் தம்பி" என்று மட்டும் சொல்லியிருந்தாலே போதும். நான் உட்கார்ந்திருப்பேன்.

கிளம்பும்போது அக்கா வாசல்வரை வந்தார். "தம்பி, தடிமன் போலக் கிடக்கு. தொண்டையைக் கவனமாப் பாருங்கோ." எனக்குத் தடிமனும் இல்லை, சளியும் இல்லை, அண்ணே. அது அவருக்கும் தெரியும். உங்கள் டப்பாவை என் கோட்டுப் பைக்குள் திணித்தார். "ஞாயிற்றுக்கிழமை வாங்கோ. சி.டி. இருமினாப் பிறகு ஒரு மாதிரி வெறுமையாக் கிடக்கு."

அதிலிருந்து ஞாயிறு தவறாமல் போகிறேன். உங்கள் கதிரையில் உட்காருவதில்லை, சோபாதான். இருமல் வரும். உடனே நான் பதிலுக்கு இருமுகிறேன். குசினியில் எண்ணெய்ச் சத்தம் ஒரு கணம் நின்று, திரும்பத் தொடங்கும்.

இதையெல்லாம் நினைத்து முடிப்பதற்குள் ரயில் வந்துவிட்டது. மிட்டாய் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு ஏறினேன், தொண்டை முக்கியம். சி.டி.யில் இருமுவதும் நான், சோபாவில் இருமுவதும் நான். அங்கேயும் இங்கேயும் இருமாதவர் நீங்கள் ஒருவர்தான்.